தடுப்பூசிக்காகப் போரை நிறுத்தச் சொன்னவர்: ஜேம்ஸ் கிராண்ட்

ஒரு குழந்தைக்கு இரண்டு மாதம் நிறைவது ஒரு தடவைதான். நான்கு மாதமும் ஆறு மாதமும் ஒன்பது மாதமும் அப்படித்தான். ஊரில் ஷெல் விழுகிறதா, பாதை பூட்டப்பட்டிருக்கிறதா, தாய் எந்தப் பள்ளிக்கூடத்தில் தஞ்சமடைந்திருக்கிறாள் என்பதெல்லாம் அந்தக் குழந்தையின் உடலுக்குத் தெரியாது. அதன் கணக்கு தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும்.

வடக்கு கிழக்கில் போர்க்காலத்தில் பிள்ளை பெற்ற தாய்மாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. இடம்பெயரும்போது காணி உறுதி, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றோடு பிள்ளையின் கிளினிக் கார்டையும் சொப்பிங் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடியவர்கள் அவர்கள். ஊசிக்குரிய திகதி வந்துவிட்டது, கிளினிக் இல்லை, போவதற்குப் பாதையும் இல்லை என்ற தவிப்பை அவர்கள் அறிவார்கள்.

அந்தத் திகதிக்காக அரசாங்கங்களும் ஆயுதம் தரித்தவர்களும் துப்பாக்கியைக் கீழே வைக்கவேண்டும் என்று கேட்ட ஒருவர் இருந்தார். ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியமான யுனிசெப்பின் நிறைவேற்றுப் பணிப்பாளராக 1980 முதல் 1995 வரை இருந்த ஜேம்ஸ் கிராண்ட்தான் அவர். அவர் மருத்துவர் அல்ல. பொருளியலும் சட்டமும் படித்தவர். ஆனால் உலகின் குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் தடுப்பூசி போய்ச் சேரவேண்டும் என்பதை அரசியல்வாதிகளின் மேசைக்குக் கொண்டுபோனவர்களில் அவருக்கு முதலிடம் உண்டு.

பீக்கிங்கில் பிறந்தவர்

ஜேம்ஸ் பினியோ கிராண்ட் 1922 மே 12 ஆம் திகதி சீனாவின் பீக்கிங் நகரில் பிறந்தார். அவருடைய தாத்தா கனடாவில் இருந்து சீனாவுக்குச் சென்ற மிஷனரி வைத்தியர். தந்தை ஜோன் கிராண்ட், ரொக்பெல்லர் மன்றத்தின் பணத்தில் இயங்கிய பீக்கிங் மருத்துவக் கல்லூரியில் பொதுச் சுகாதாரம் கற்பித்த பேராசிரியர். நோயாளி ஆஸ்பத்திரிக்கு வரும்வரை காத்திருக்கக் கூடாது, சுகாதார சேவைதான் வீட்டு வாசலுக்குப் போகவேண்டும் என்பது தந்தையின் கொள்கை. 1925 இல் பீக்கிங் நகரின் ஒரு பகுதியை எடுத்து, அங்கே ஒரு சுகாதார நிலையத்தை அவர் தொடக்கி நடத்தினார்.

அடுத்த ஆண்டு, 1926 இல், அதே ரொக்பெல்லர் மன்றத்தின் ஆதரவோடு இலங்கையின் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு திறக்கப்பட்டது. இன்று எமது ஊர்களில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை என்றும், வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தர் என்றும் நாம் அறிந்திருக்கும் அமைப்பு அதிலிருந்துதான் விரிந்தது. தந்தை கிராண்ட் பின்னர் கல்கத்தாவுக்குச் சென்று அங்குள்ள பொதுச் சுகாதார நிறுவனத்தின் பணிப்பாளராக இருந்தார். சுதந்திர இந்தியாவின் சுகாதார சேவைக்கு வரைபடம் போட்ட போர் குழுவிலும் அவர் ஓர் உறுப்பினர்.

மகன் இந்தச் சூழலில் வளர்ந்தார். கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்து 1943 இல் பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க இராணுவத்தில் சேர்ந்து சீன, பர்மியக் களத்தில் பணியாற்றினார். போர் முடிந்ததும் சீனாவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அப்போது ஐ.நா. நிவாரண அமைப்பின் அலுவலராக, அரச படைகளின் பகுதிக்கும் கம்யூனிஸ்ட் படைகளின் பகுதிக்கும் நிவாரணம் அனுப்பும் வேலை அவருடையது. எதிரெதிராக நிற்கும் இரு தரப்போடும் பேசி ஒரு லொறியை எல்லை தாண்ட வைப்பது எப்படி என்பதை இருபது வயதுகளிலேயே அவர் கற்றுக்கொண்டார்.

பின்னர் ஹார்வர்ட்டில் சட்டம் படித்தார். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்க உதவித் திட்டத்தின் தலைவராக இலங்கையில் இருந்தார். துருக்கியிலும் அதே வேலை. 1960களின் இறுதியில் வியட்நாமுக்கான அமெரிக்க உதவிப் பணிகளுக்குப் பொறுப்பாக இருந்தார். அவரைப் பற்றி எழுதும்போது அதை மறைக்கத் தேவையில்லை. போர் நடத்தும் ஒரு வல்லரசின் அதிகாரியாகவும் அவர் இருந்தார். ஆயுதம் வைத்திருப்பவர்கள் எப்படிச் சிந்திப்பார்கள் என்பது அவருக்குப் புத்தகத்தில் படித்த விஷயம் அல்ல.

சட்டைப் பைக்குள் ஒரு பக்கெற்

1980 ஜனவரியில் யுனிசெப்பின் தலைமைக்கு வந்தபோது, உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி குழந்தைகள் ஐந்து வயதுக்கு முன்பே இறந்துகொண்டிருந்தார்கள். ஒரு நாளைக்கு நாற்பதாயிரம் அளவில். பெரும்பாலானவை செய்திகளில் வராத சாவுகள். வயிற்றோட்டம், சின்னமுத்து, குக்கல், பிறந்த சிசுவுக்கு வரும் ஏற்புவலி. இவற்றில் பலவற்றுக்குத் தடுப்பு மருந்து பல ஆண்டுகளாகவே இருந்தது. அது குழந்தையிடம் போய்ச் சேரவில்லை.

கிராண்டின் கோபம் இங்கேதான் தொடங்கியது. மருந்து இல்லாமல் இறப்பது விதி என்று சொல்லலாம். மருந்து இருந்தும் இறந்தால் அதற்கு யாரோ பொறுப்பு. 1982 டிசெம்பரில் அவர் சிறுவர் உயிர்காப்புப் புரட்சி என்ற திட்டத்தை அறிவித்தார். குழந்தையின் நிறையை மாதாமாதம் பார்ப்பது, வயிற்றோட்டத்துக்கு உப்பும் சீனியும் கலந்த நீர், தாய்ப்பால், தடுப்பூசி ஆகிய நான்கும் அதன் தூண்கள். நாங்கள் ஜீவனி என்று கடையில் வாங்கும் அந்த உப்புக் கரைசல் பக்கெற் ஒன்று எப்போதும் அவருடைய சட்டைப் பையில் இருக்கும். ஜனாதிபதியோ பிரதமரோ, யாரைச் சந்தித்தாலும் அதை எடுத்துக் காட்டிவிட்டு, உங்கள் நாட்டில் எத்தனை சதவீதம் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டிருக்கிறது என்று கேட்பார். பதில் தெரியாத தலைவர்கள் அடுத்த சந்திப்புக்கு முன் தெரிந்துவைத்துக்கொண்டார்கள்.

அவருடைய இலக்கு தெளிவானது. தொண்டைக்கரப்பன், குக்கல், ஏற்புவலி, போலியோ, சின்னமுத்து, காசநோய் ஆகிய ஆறு நோய்களுக்கும் எதிரான தடுப்பு மருந்து, முதலாவது பிறந்த நாளுக்கு முன், உலகின் 80 சதவீதமான குழந்தைகளுக்குக் கிடைக்கவேண்டும். காலக்கெடு 1990. 1980களின் தொடக்கத்தில் அந்த அளவு ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டியிருக்கவில்லை. அவரது சொந்த அலுவலகத்திலேயே இது நடக்காத காரியம் என்று நினைத்தவர்கள் பலர்.

ஏன் ஒரு வயதுக்குள்?

முதலாவது பிறந்த நாளை அவர் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு காலம் இருக்கிறது, அதற்குக் காரணமும் இருக்கிறது.

காசநோய்த் தடுப்பூசி பிறந்தவுடனேயே போடப்படுகிறது. காசநோய் மூளை உறையைத் தாக்கும் கொடிய வடிவம் சிறு குழந்தைகளையே பிடிக்கும் என்பதால், தாய் வைத்தியசாலையில் இருந்து வீடு திரும்புமுன் அது முடிந்துவிட வேண்டும். குக்கல் பெரிய பிள்ளைக்கு நீண்ட நாள் இருமல். இரண்டு மூன்று மாதக் குழந்தைக்கு அது மூச்சை நிறுத்தும் நோய். அதனால்தான் அந்த ஊசியை இரண்டாவது மாதத்துக்குமேல் தள்ளிப்போடுவதில்லை. ஒரு தடவை போட்டாலும் போதாது. முதலாவது ஊசி உடலுக்கு நோயை அறிமுகப்படுத்துகிறது. அடுத்த இரண்டும் அந்த நினைவை உறுதிப்படுத்துகின்றன. ஊசிகளுக்கு இடையில் குறைந்தது நான்கு கிழமை இடைவெளி வேண்டும்.

சின்னமுத்து வேறு விதம். தாயின் இரத்தத்தில் உள்ள எதிர்ப்புச் சக்தி பிள்ளையோடு கூடவே பிறந்து சில மாதங்கள் காவல் காக்கிறது. அந்தக் காவல் இருக்கும்போது ஊசி போட்டால், அது ஊசி மருந்தையும் எதிரி என்று நினைத்து அழித்துவிடும். காவல் விலகியபின் நெடுநாள் தாமதித்தால் நோய் முந்திக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு சிறிய வாசல். நோய் அதிகம் பரவும் நாடுகளில் அந்த வாசல் ஒன்பதாவது மாதம் என்று கணிக்கப்பட்டது. சனம் நெருக்கியடித்து வாழும் அகதி முகாமில் ஆறாவது மாதத்திலேயே ஒரு ஊசி போட்டு, பிறகு உரிய வயதில் திரும்பவும் போடுவார்கள். முகாமில் சின்னமுத்து அவ்வளவு வேகமாகப் பரவும்.

ஆக, குழந்தையின் முதல் ஆண்டு என்பது ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து மூடும் வாசல்களின் வரிசை. அந்த ஆண்டில் போர் நடந்தால் என்ன செய்வது? இந்தக் கேள்வி கிராண்டை எல் சல்வடோருக்குக் கொண்டுசென்றது.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்

மத்திய அமெரிக்காவில் உள்ள எல் சல்வடோரில் 1980 முதல் அரச படைகளுக்கும் இடதுசாரிக் கெரில்லாக்களுக்கும் இடையே கடும் போர் நடந்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் சுமார் 75,000 பேரைக் கொன்ற போர் அது. ஜனாதிபதி நெப்போலியன் டுவார்ட்டேயைக் கிராண்ட் சந்தித்தார். தடுப்பூசியால் தவிர்த்திருக்கக்கூடிய நோய்களுக்கு நாட்டின் குழந்தைகள் எத்தனை பேர் பலியாகிறார்கள் என்பதைப் போரின் சாவுக் கணக்கோடு பக்கத்தில் வைத்துக் காட்டினார். குழந்தைகளுக்காகச் சில நாட்கள் சண்டையை நிறுத்த முடியாதா என்று கேட்டார்.

அரசாங்கம் இணங்கினாலும் மற்றத் தரப்பு? ஐ.நா. நிறுவனம் ஒன்று கெரில்லாக்களோடு நேரடியாகப் பேசினால், அது அவர்களுக்கு அங்கீகாரம் கொடுப்பதாகிவிடும் என்று அரசாங்கம் அஞ்சும். அரசாங்கத்தின் தடுப்பூசி நாளுக்கு வழிவிட்டால் அது அரசாங்கத்துக்கு நல்ல பெயராகப் போய்விடுமே என்று மற்றத் தரப்பு அஞ்சும். இரண்டு அச்சமும் எங்களுக்குப் புதியவை அல்ல. கத்தோலிக்கத் திருச்சபை நடுவில் வந்தது. பேராயர் ரிவேரா இ டமாஸ் தூது போனார். செஞ்சிலுவைச் சங்கம் துணை நின்றது. மேடை போட்டுக் கையொப்பமிட்ட உடன்படிக்கை எதுவும் இல்லை. சுடுவதில்லை என்ற இணக்கம் மட்டும் இருந்தது.

1985 பெப்ரவரி 3, மார்ச் 3, ஏப்ரல் 21. மூன்றும் ஞாயிற்றுக்கிழமைகள். ஏன் மூன்று, ஏன் இடைவெளி விட்டு என்பதைக் கவனிக்க வேண்டும். மூன்று ஊசி, இடையில் குறைந்தது நான்கு கிழமை. போர்நிறுத்தத்தின் திகதிகளைத் தளபதிகளின் வசதி மட்டும் தீர்மானிக்கவில்லை. குழந்தையின் உடல் தீர்மானித்தது.

அந்த நாட்களில் தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தடுப்பூசி நிலையங்களுக்கு நடந்தார்கள். நோர்ஸ்மாரும் தொண்டர்களும் ஐஸ் பெட்டிகளோடு இரு தரப்பின் பகுதிகளுக்கும் போனார்கள். சுமார் இரண்டரை இலட்சம் பிள்ளைகளுக்குத் தடுப்பு மருந்து கிடைத்தது. திங்கட்கிழமை போர் திரும்பவும் தொடங்கியது. ஆனால் அடுத்த ஆண்டும் அமைதி நாட்கள் வந்தன. அதற்கு அடுத்த ஆண்டும் வந்தன. 1992 இல் சமாதான உடன்படிக்கை கையெழுத்தாகும் வரை ஆண்டுதோறும் அது தொடர்ந்தது.

எல் சல்வடோரில் முடிந்தது வேறு இடங்களிலும் முடிந்தது. 1987 இல் லெபனானில் பல ஆயுதக் குழுக்கள் தடுப்பூசிக்கு வழிவிட்டன. 1989 இல் சூடானில், ஐ.நா. செயலாளர் நாயகத்தின் பிரதிநிதியாகச் சென்ற கிராண்ட், அரசாங்கத்தையும் தெற்கின் விடுதலை இயக்கத்தையும் இணங்கவைத்து உணவும் மருந்தும் போகப் பாதை திறந்தார்.

எங்கள் பக்கத்தில்

இலங்கையில் விரிவாக்கப்பட்ட தடுப்பு மருந்தேற்றல் திட்டம் 1978 இல் தொடங்கியது. சின்னமுத்துத் தடுப்பூசி 1984 இல் சேர்க்கப்பட்டது. அதாவது, எங்கள் நிலத்தில் போர் பெருகிய அதே காலத்தில்தான் இந்தத் திட்டமும் வளர்ந்தது. தடுப்பு மருந்தை 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் வைத்திருக்கவேண்டும். மின்சாரம் இல்லாத, மண்ணெண்ணெய்க்கும் கட்டுப்பாடு இருந்த ஆண்டுகளில் அந்தக் குளிரைக் காப்பாற்றியது எவ்வளவு பெரிய வேலை என்பது அந்த நாட்களில் வடக்கில் கடமையாற்றிய சுகாதார ஊழியர்களுக்குத் தெரியும். அவர்களில் பலருடைய பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

1990களின் இரண்டாம் பாதியில், போலியோவை ஒழிப்பதற்கான தேசிய தடுப்பு மருந்து நாட்களின்போது, அரசாங்கமும் தமிழீழ விடுதலைப் புலிகளும் அமைதி நாட்களுக்கு இணங்கின. எல் சல்வடோரில் தொடங்கிய வழக்கம் வன்னிக்கும் வந்தது. இலங்கையில் கடைசியாகப் போலியோ நோயாளி ஒருவர் இனங்காணப்பட்டது 1993 இல். அதற்குப் பிறகும் போர் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. போலியோ திரும்பி வரவில்லை.

இதைப் பெருமையாக மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. ஒரு நாள் சொட்டு மருந்துக்காக நிறுத்த முடிந்த போரை, அந்தச் சொட்டு மருந்தைக் குடித்த பிள்ளைகள் வளர்ந்தபோது அவர்களுக்காக யாரும் நிறுத்தவில்லை. கிராண்டின் வழியில் இருந்த குறையும் இதுதான். அவர் போரை முடித்துவைக்க முயலவில்லை. போருக்குள் குழந்தைக்கு ஒரு நாளைக் கேட்டார். அது போதுமா என்ற கேள்வி நியாயமானது. அந்த ஒரு நாளும் இல்லாமல் இருந்திருந்தால் எத்தனை பிள்ளைகள் கால் முடங்கியிருப்பார்கள் என்ற கேள்வியும் நியாயமானதே.

வேறு விமர்சனங்களும் அவர் காலத்திலேயே எழுந்தன. நான்கைந்து மலிவான வழிகளை மட்டும் தூக்கிப்பிடித்து, கிராமத்து ஆரம்ப சுகாதார சேவையை முழுமையாகக் கட்டியெழுப்பும் வேலையைப் பின்தள்ளுகிறார் என்று பொதுச் சுகாதார அறிஞர்கள் பலர் வாதிட்டார்கள். அந்த வாதத்தில் உண்மை இருந்தது. 80 சதவீத இலக்கு எட்டப்பட்டுவிட்டதாக யுனிசெப்பும் உலக சுகாதார ஸ்தாபனமும் அறிவித்தன. பின்னர் திருத்திய மதிப்பீடுகள் அதைச் சற்றுக் குறைத்துக் காட்டின. பிரசாரம் ஓய்ந்ததும் ஆபிரிக்காவின் சில நாடுகளில் அளவு கீழே இறங்கியது. கிழமைதோறும் திறக்கும் கிளினிக்கும், வீடு தேடி வரும் உத்தியோகத்தரும் இல்லாத இடத்தில் ஒரு நாள் திருவிழா நிலைக்காது. தந்தை பீக்கிங்கில் சொன்னதும் அதைத்தான்.

கடைசி ஆண்டுகள்

1989 நவம்பர் 20 இல் ஐ.நா. பொதுச்சபை சிறுவர் உரிமைகள் சமவாயத்தை ஏற்றுக்கொண்டது. அதை நாடுகள் விரைந்து ஏற்கவேண்டும் என்று கிராண்ட் ஓயாமல் அலைந்தார். இலங்கை 1991 இல் அதை ஏற்றது. 1990 செப்ரெம்பரில் நியூயோர்க்கில் சிறுவர்களுக்கான உலக உச்சி மாநாட்டைக் கூட்டினார். 71 நாடுகளின் தலைவர்கள் வந்திருந்தார்கள்.

1993 இல் அவருக்குப் புற்றுநோய் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. சிகிச்சைக்கு இடையிலும் அவர் பயணங்களை நிறுத்தவில்லை. 1995 ஜனவரி 23 இல் பதவியை விட்டார். ஐந்து நாட்களின்பின், ஜனவரி 28 இல், 72 வயதில் இறந்தார். சாவதற்கு முன் அவர் செய்த கடைசி வேலைகளில் ஒன்று, சிறுவர் உரிமைகள் சமவாயத்தில் கையொப்பமிடும்படி தனது நாட்டு ஜனாதிபதி கிளின்ரனுக்குக் கடிதம் எழுதியது. அடுத்த மாதமே அமெரிக்கா கையொப்பமிட்டது. ஆனால் அதை அந்த நாடு இன்றுவரை உறுதிப்படுத்தவில்லை.

அவர் கண்மூடிய அந்த ஜனவரி மாதத்தில் எங்கள் நாட்டிலும் துப்பாக்கிகள் ஓய்ந்திருந்தன. ஜனவரி 8 இல் தொடங்கிய அந்த அமைதி ஏப்ரலில் முறிந்தது.

கார்ட் இன்று யார் கையில்

இன்று எங்கள் கிளினிக்குகளுக்குப் போக எந்தத் தளபதியின் அனுமதியும் தேவையில்லை. பிறந்தவுடன் காசநோய்க்கான ஊசி. 2, 4, 6 மாதங்களில் ஐந்து நோய்களுக்கு எதிரான ஊசியும் போலியோ மருந்தும். 9 ஆவது மாதத்தில் சின்னமுத்து, கூவைக்கட்டு, ருபெல்லா ஆகிய மூன்றுக்குமான முதலாவது ஊசி. 12 ஆவது மாதத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கு. பிறகு 18 மாதத்திலும், 3 வயதிலும், 5 வயதிலும். எல்லாம் இலவசம். சின்னமுத்து ஊசி ஒரு காலத்தில் ஒரு வயதில்தான் போடப்பட்டது. 2013, 2014 ஆம் ஆண்டுகளில் அந்த நோய் பரவிய பின்னரே அது திரும்பவும் ஒன்பதாவது மாதத்துக்குக் கொண்டுவரப்பட்டது.

வேலை, பயணம், பிள்ளைக்குச் சளி, வெளிநாட்டுச் சொந்தம் தொலைபேசியில் சொன்ன ஒரு கதை என்று இப்போது திகதிகள் பிந்துவதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. சாதாரண தடிமன் ஊசியைத் தள்ளிப்போடுவதற்குக் காரணம் ஆகாது. சந்தேகம் இருந்தால் கிளினிக்கில் கேட்டால் சொல்வார்கள். ஓர் ஊசி பிந்திவிட்டால் முதலில் இருந்து தொடங்கவேண்டும் என்று பயந்து ஒதுங்கவும் வேண்டாம். விட்ட இடத்தில் இருந்து தொடரலாம். கார்ட் தொலைந்துபோனால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். ஏசுவார் என்று நினைத்துப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

அமைதி நாட்களில் வன்னியில் சொட்டு மருந்து குடித்த பிள்ளைகள் இன்று தாயும் தகப்பனும் ஆகிவிட்டார்கள். அவர்களுடைய வாயில் விழுந்த அந்த இரண்டு சொட்டுக்காக ஒரு போர் ஒரு நாள் நின்றது. அவர்களுடைய பிள்ளைக்கு அடுத்த ஊசி எந்தத் திகதியில் என்று கார்டில் எழுதியிருக்கிறது. அதை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.